வெண்ணெய் ஏன் விடிகாலையில் திரள்கிறது?

ஒரு பானைத் தயிரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதியை விடிகாலை 5 மணிக்குக் கடையுங்கள். மீதியைச் சித்திரை மாதத்து மதியம் 2 மணிக்குக் கடையுங்கள். காலையில் கடைந்தது அரைமணி நேரத்தில் வெண்ணெய் உருண்டையைக் கையில் கொடுத்துவிடும். மதியம் கடைந்தது, தோள்பட்டை கழன்று விழும்வரை இழுத்தாலும் மத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர உருண்டைக்கு வராது. மதியத்துக்குள் தயிர் இன்னும் கொஞ்சம் புளித்திருக்கும், அது பெரிய விஷயமில்லை. மத்து ஒன்றுதான், இழுக்கிற கையும் ஒன்றுதான். காரியத்தைக் கெடுத்தது சூடு.

வெண்ணெய் எடுப்பது கைபலத்தின் வேலை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஈரோட்டுப் பக்கம் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்துக்கு விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் மத்துக்கயிற்றுக்குச் சண்டை நடக்கும். அம்மிச்சி பானைக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கொடுப்பார். சில நாள் கொடுக்க மாட்டார். "இரு கண்ணு, சூடா இருக்குது. இப்பச் சிலுப்புனா வெண்ணெ தெரளாது" என்று ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். எங்கள் பக்கம் கடைவதைச் சிலுப்புவது என்றுதான் சொல்வார்கள். அந்தச் சுட்டுவிரல் என்ன பார்த்தது என்பதைப் புரிந்துகொண்டால் வெண்ணெய் பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும்.

பாலுக்குள் கொழுப்பு இருக்கும் விதம்

பாலில் கொழுப்பு கரைந்து இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஓர் உருண்டையின் குறுக்களவு சராசரியாக 3 அல்லது 4 மைக்ரோமீட்டர். அதாவது 1 மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 300 உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம். ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே மெல்லிய தோல் ஒன்று உண்டு. புரதமும் லெசித்தின் போன்ற பொருள்களும் சேர்ந்த தோல் அது. அந்தத் தோல் இருப்பதால்தான் பால் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியாமல் இருக்கிறது. உருண்டைகள் ஒன்றையொன்று இடித்தாலும் ஒட்டாமல் விலகிவிடும்.

கடைவது என்றால் அந்தத் தோலைக் கிழித்து, உள்ளே இருக்கும் கொழுப்பை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது. அவ்வளவுதான் வேலை. ஒட்டி ஒட்டிப் பெரிதாகிக் கடைசியில் எல்லாம் தலைகீழாகிவிடும். பாலில் தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் இருந்தன. வெண்ணெயில் கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள் இருக்கின்றன. கடையில் ‘டேபிள் பட்டர்’ என்று விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. வீட்டில் எடுக்கும் வெண்ணெயில் ஈரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சரி, சூடு எங்கே வருகிறது? பால்கொழுப்பு ஒரே வகைக் கொழுப்பு இல்லை. பல வகைகள் கலந்தது. சில வகைகள் குளிரிலும் திரவமாக இருக்கும், சில வகைகள் இளஞ்சூட்டிலும் கட்டியாக நிற்கும். அதனால் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஒவ்வோர் உருண்டையும் பாதி கெட்டி, பாதி இளக்கம் என்ற நிலையில் இருக்கும். 37 டிகிரியை நெருங்கும்போது அநேகமாக எல்லாமே உருகிவிடும். வாயில் போட்ட வெண்ணெய் நாக்கில் கரைவதும் இதனால்தான். நம் உடம்பின் சூடு அதே 37.

புட்டுமாவு பிசைந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. மாவு காய்ந்து கிடந்தால் பிடித்தால் நிற்காது. தண்ணீர் அதிகமானால் கூழாகிவிடும். பிடித்தால் கொழுக்கட்டையாகவும் உதிர்த்தால் பொடியாகவும் வரும் ஒரு பதம் நடுவில் இருக்கிறது. கொழுப்பு உருண்டைக்கும் அதே கதைதான். கெட்டியான பகுதி மாவு, இளகிய பகுதி தண்ணீர். கெட்டியாக இருக்கும் சிறு படிகங்கள் பக்கத்து உருண்டையின் தோலைக் குத்திக் கிழிக்கும், இளகிய கொழுப்பு பசையாகி இரண்டையும் ஒட்டும். மிகவும் குளிர்ந்துவிட்டால் பசை இல்லை, கடைந்துகொண்டே இருக்கலாம், நுரைதான் பொங்கும். மிகவும் சூடாகிவிட்டால் குத்த ஆள் இல்லை, எல்லாம் எண்ணெயாகி வழுக்கும். ஆலைகளில் பாலேட்டைச் சுமார் 10 முதல் 14 டிகிரிக்குள் குளிர்வித்துக் கடைகிறார்கள். நம் ஊர் மண்பானைத் தயிர் 20 டிகிரியை ஒட்டி இருந்தாலே வேலை நடந்துவிடும்.

அந்தக் குளிர்ச்சி இயற்கையாகக் கிடைக்கும் நேரம் விடிகாலை. மண்பானை இதற்குக் கொஞ்சம் துணை செய்யும். அதன் நுண்துளைகளில் கசியும் ஈரம் காற்றில் உலரும்போது பானையும் தயிரும் சற்றுக் குளிர்ந்துவிடும். இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்மகள் தயிர் கடைவது இருள் பிரியாத நேரத்தில், பறவைகள் எழும் வேளையில். அவள் மத்தின் ஓசை புலியின் உறுமல் போல் கேட்கிறதாம். திருப்பாவையின் ஏழாம் பாட்டிலும் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசை, பொழுது விடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகத்தான் வருகிறது. இரண்டு பாட்டுக்கும் தயிர்க்கொழுப்பின் உருகுநிலையில் அக்கறை இல்லை. ஆனால் கடையும் நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டன.

ஆனால் மார்கழி அதிகாலையில் இதே குளிர்ச்சி எதிரியாகிவிடும். அம்மிச்சி அந்த மாதத்தில் மட்டும் கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாக வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றுவார். மற்ற மாதம் குளிர்ந்த நீர், மார்கழியில் வெந்நீர் என்று ஒன்றுக்கொன்று முரணாகச் செய்கிறாரே என்று சின்ன வயதில் தோன்றியிருக்கிறது. அவர் இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்துக்குத்தான் தயிரைக் கொண்டு வந்துகொண்டிருந்தார்.

பாலை விட்டுவிட்டு ஏன் தயிர்?

ஐரோப்பியப் பண்ணைகளில் பாலேட்டைப் பிரித்தெடுத்து அதைக் கடைவது வழக்கம். குஸ்தாவ் டி லவால் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் 1878-இல் பாலேட்டைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டு வந்த பிறகு அது இன்னும் எளிதானது. நம் பக்கம் முழுப் பாலையும் உறை ஊற்றித் தயிராக்கிக் கடைந்தார்கள். இதற்கு முதல் காரணம் வெயில். காலையில் கறந்த பாலை அப்படியே வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும், தயிராக்கிவிட்டால் அது தன் புளிப்பாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். இரண்டாவது, தயிரின் அமிலம் கடைவதற்கும் உதவுகிறது. பாலில் கொழுப்பு உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்ளும், புளிப்பு ஏறும்போது அந்த விலக்கம் குறைந்து தோலும் பலவீனப்படும். மூன்றாவது மணம். தயிராக்கும் நுண்ணுயிர்களில் சில, டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டாக்குகின்றன. வெண்ணெய் வாசம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதற்கு.

நான்காவதாக மோர். வெண்ணெய்க்காகக் கடைகிறோம் என்று சொன்னாலும், கோடையில் தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்கு மோர்தான் முக்கியம். வெண்ணெய் வீட்டுக்கு, மோர் ஊருக்கு. இன்று தயிரில் தண்ணீர் ஊற்றி மிக்சியில் அடித்து மோர் என்கிறோம். கறாராகச் சொன்னால் அது தண்ணீர்த் தயிர். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவதுதான் மோர், அதில் கொழுப்பு மிகக் குறைவு. கிழிந்த தோல்களின் லெசித்தினில் பெரும்பகுதியும் மோரோடுதான் வந்துவிடும்.

மத்தும் கயிறும்

அடியில் கட்டையில் செதுக்கிய மொட்டு போன்ற தலை, அதில் நெடுக வெட்டிய பள்ளங்கள், மேலே இடுப்பளவோ நெஞ்சளவோ நீண்ட கோல். இதுதான் மத்து. பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கோல் பிரிமணை. கோலைத் தூணோடு சேர்த்து இரண்டு இடத்தில் கயிற்று வளையம் போட்டு நிறுத்துவார்கள். நடுவில் இன்னொரு கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, இரு முனையையும் இரு கையில் பிடித்து மாறி மாறி இழுக்க வேண்டும். பாற்கடல் கதையில் மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. தேவர்களும் அசுரர்களும் வைத்திருந்தது நம் வீட்டு மாடலேதான், அளவு கொஞ்சம் பெரிது.

இந்தக் கயிற்று ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. மத்து ஒரே திசையில் சுற்றுவதில்லை. வலக்கை இழுக்கும்போது ஒரு பக்கம், இடக்கை இழுக்கும்போது மறுபக்கம். ஒரே திசையில் சுற்றினால் தயிர் முழுவதும் மத்தோடு சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும், உருண்டைகள் ஒன்றோடொன்று மோதுவது குறையும். திசை மாறும் ஒவ்வொரு தடவையும், சுழலத் தொடங்கிய தயிரை மத்துத் தலை எதிர்த்து அறைகிறது. தலையின் பள்ளங்கள் தயிரைக் கிழிக்கின்றன, கூடவே காற்றையும் உள்ளே இழுத்து நுரையாக்குகின்றன. நுரை வெறும் அழகுக்கு இல்லை. கொழுப்பு உருண்டைகள் காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே தோல் விரிந்து கிழியும், குமிழி உடையும்போது உருண்டைகள் கூட்டமாக ஒன்றுசேரும். இதனால்தான் பானையைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. காற்றுக்கும் நுரைக்கும் இடம் வேண்டும். நிரம்ப ஊற்றிக் கடைகிறவர்கள் வெண்ணெயைவிடத் திண்ணையைத் துடைக்கும் வேலையைத்தான் அதிகம் செய்வார்கள்.

கடையும்போது என்ன நடக்கிறது

முதலில் கயிறு இழுக்கக் கனமாக இருக்கும். உறைந்த தயிரை உடைக்கும் கட்டம் அது, அவசரப்படக்கூடாது. நான்கைந்து நிமிடத்தில் தயிர் உடைந்து குழைந்துவிடும், கயிறு சீராக ஓடும், பானைக்குள் சளசளவென்று ஒரே ஓசை. அடுத்து நுரை ஏறும். வாய்வரை வந்து எட்டிப் பார்க்கும். இந்த இடத்தில் புதிதாகக் கடைகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். 10 நிமிடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும். நடந்துகொண்டுதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரவில்லை.

பிறகு திடீரென்று ஓசை மாறும். சளசள என்பது தளக் தளக் என்று தடிமனாகும். நுரை அமுங்கும். மத்தைத் தூக்கிப் பார்த்தால் கோலில் ரவை ரவையாக ஏதோ ஒட்டியிருக்கும். அதுதான் வெண்ணெய். இந்த மாற்றம் படிப்படியாக வருவதில்லை, சட்டென்று வரும். அதற்கு முன்னால் வரை தயிர், அதற்குப் பின்னால் வெண்ணெயும் மோரும். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல' என்ற பழமொழிக்கு அர்த்தம் எனக்கு அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. கை ஓய்ந்து, நுரை அடங்கி, ஓசை மாறும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அதுவரை கயிறு இழுத்திருக்கிறோம்.

ரவை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் மோரை நீர்க்க வைக்கும், வெண்ணெய்த் துகள்கள் இறுகி மேலே மிதந்து வரும். மெதுவாக இழுக்க இழுக்க ரவை கடுகாகும், கடுகு மிளகாகும், மிளகுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மத்தைச் சுற்றிச் சேரும். அதற்கு மேல் கடையக்கூடாது. அதிகம் கடைந்தால் மோரையும் சேர்த்து உள்ளே பூட்டிக்கொண்டு வெண்ணெய் கொழகொழவென்று ஆகிவிடும்.

எடுக்கும் முன் கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெய் கையைவிட்டுப் போகாது. அம்மிச்சி பானை ஓரமாகக் கையை விட்டு ஒரு வளைவு வளைத்து எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் மாற்றி மாற்றித் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் மோர் சொட்டும். அப்புறம் ஒரு போசியில் தண்ணீர் வைத்து அதற்குள் உருண்டையை அமுக்கி அலசுவார். தண்ணீர் வெள்ளையாகும், கொட்டிவிட்டு வேறு தண்ணீர். மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றால் போதும். இந்த அலசலைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் வெண்ணெயில் தங்கும் மோரின் சர்க்கரையும் புரதமும் இரண்டே நாளில் நாற்றத்தைக் கிளப்பிவிடும்.

எவ்வளவு பாலுக்கு எவ்வளவு வெண்ணெய்

பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், எருமைப்பாலில் 6 முதல் 8 சதவீதம் வரை. ஆக, 1 கிலோ வெண்ணெய்க்குப் பசும்பால் 20 லிட்டருக்கு மேல் வேண்டும், எருமைப்பால் 12, 13 லிட்டர் போதும். எருமைப்பாலின் கொழுப்பு உருண்டைகள் சராசரியில் பெரியவை என்பதால் சீக்கிரம் திரளவும் செய்யும். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு இருக்கும் பெயருக்குப் பின்னால் கொங்குநாட்டு எருமைகளின் பங்கு பெரிது.

நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். பசும்புல்லில் இருக்கும் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி பசுவின் பாலில் அப்படியே இறங்கும். எருமை அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடும். அதனால் பசு வெண்ணெய் மஞ்சள், எருமை வெண்ணெய் வெள்ளை. இரண்டும் அசல்தான்.

பெரும்பாணாற்றுப்படையின் ஆயர்மகள் மோரைக் கொடுத்து உணவுப்பொருள் வாங்கிச் சுற்றத்தாருக்கு ஊட்டுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொடுத்தால் வாங்குவதில்லை, எருமையும் பசுவும் கேட்டு வாங்குகிறாள். 1 கிலோ வெண்ணெய்க்கு எத்தனை லிட்டர் பால் என்று கணக்குத் தெரிந்தவள்.

வீட்டில் செய்து பார்க்க

மாடும் மத்தும் இல்லாதவர்கள் தினமும் காய்ச்சிய பாலின் ஆடையை ஒரு பாத்திரத்தில் சேர்த்து வரலாம். முதல் நாளே ஒரு கரண்டி தயிர் விட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து 5 அல்லது 6 நாள் சேர்த்தால் அரை லிட்டர் தேறும். கடையும் அன்று வெளியே எடுத்து, தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் விரல் கூசக்கூடாது என்ற அளவுக்கு வந்ததும் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளேடும் மோட்டாரும் சூடேற்றிவிடும்.

நான் இதை முதலில் செய்தது ஒரு ஏப்ரல் மதியம். ஆடையைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்து மறந்துவிட்டேன். இரண்டு நிமிடம் ஓட்டியும் திரளாததால் இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினேன். திறந்தால் மஞ்சள் எண்ணெய் மிதக்கும் வெள்ளைக் குழம்பு. கொட்டப் போனவன் எதற்கும் இருக்கட்டும் என்று ஜாரோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மேலே கெட்டியாக ஏடு கட்டியிருந்தது. ஐஸ் தண்ணீர் கொஞ்சம் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் வெண்ணெய். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், குளிர வைத்துப் பாருங்கள். மாலையில் அம்மாவிடம் போனில் சொன்னேன். "விரலை விட்டுப் பாத்தியா?" என்றார்.

எடுத்த வெண்ணெயை நெய்யாக்குவது

'நெய்' என்ற சொல்தான் மூலம். வெள் நெய் வெண்ணெய் ஆனது, எள் நெய் எண்ணெய் ஆனது. மேலை நாடுகளில் வெண்ணெயில் உப்புப் போட்டுக் காப்பாற்றினார்கள். நாம் அதிலிருக்கும் தண்ணீரையே விரட்டிவிட்டோம்.

அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வெண்ணெயை உருக்கினால் முதலில் வெள்ளை நுரையோடு சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது அடங்க அடங்க அடியில் படியும் வண்டலான கசண்டு பொன்னிறமாகும், மணம் எழும். ஒரு கொத்து முருங்கை இலை போட்டு, அது மொறுமொறுத்ததும் இறக்கிவிட வேண்டும். சத்தம் நின்றபின்னும் அடுப்பில் விட்டால் கசண்டு கருகிவிடும். 1 கிலோ வெண்ணெய்க்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நெய் கிடைக்கும். சட்டியில் ஒட்டியிருக்கும் கசண்டில் சூடான சோற்றைப் போட்டு உப்புச் சேர்த்துப் பிசைந்தால், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை கையும் நீளும்.

கடைசியாக மத்து. மரமத்து வாங்கி வைத்திருந்தால், கடைந்து முடித்ததும் வெந்நீரை ஊற்றி, பள்ளங்களுக்குள் தேங்காய் நார் விட்டுத் தேய்த்துக் கழுவி, தலை மேலாக வெயிலில் காய வையுங்கள். குளிர்ந்த நீர் அந்தப் பிசுக்கை அசைக்காது. பள்ளத்தில் ஒரு பொட்டு வெண்ணெய் தங்கினாலும் அடுத்த வாரத்துக்குள் காறிப்போய், அதன் வாடை அடுத்த பானைத் தயிர் முழுவதற்கும் ஏறிவிடும்.